காணாமற்போன காசும் கண்டெடுத்த மகிழ்ச்சியும்

மகிழ்ச்சியை விரும்பாத மனிதர் எவருமில்லை. ஆயினும் அதனை எங்கே தேடுவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். மகளின் திருமணம் முடியட்டும், மகனுக்கு வேலை கிடைக்கட்டும், வீட்டுக்கடன் அடையட்டும், அதன்பின் நிம்மதியாக இருப்போம் என்று நாளுக்கு நாள் தள்ளிப்போடுகிறோம். திருமணமும் முடிகிறது, வேலையும் கிடைக்கிறது, கடனும் ஒருநாள் அடைகிறது. அதற்குள் வேறொரு கவலை வாசலில் வந்து நின்றுவிடுகிறது. இவ்வாறு, வாழ்வதற்கு ஆயத்தம் செய்வதிலேயே வாழ்நாள் கழிந்துவிடுகிறது.

ஓர் ஆண்டில் நமக்கு வாய்க்கும் பெருவிழாக்கள் எத்தனை? கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, பங்கின் பாதுகாவலர் திருவிழா, உறவினர் இல்லத்தில் ஒரு திருமணம், பிள்ளையின் புதுநன்மை. எல்லாவற்றையும் கூட்டினாலும் பத்துப் பதினைந்து நாட்களுக்கு மேல் தேறாது. எஞ்சிய முந்நூற்றைம்பது நாட்களும் சோறு வடிப்பதிலும், துணி துவைப்பதிலும், பேருந்துக்குக் காத்திருப்பதிலும், பிள்ளைகளைப் படிக்க வைப்பதிலும் கழிகின்றன. இந்த நாட்களில் இறைவன் நம்மோடு இல்லையென்றால், நம் வாழ்வில் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது என்றே கூறவேண்டும். இருக்கிறார் என்றால், அவர் தரும் மகிழ்ச்சியும் அந்நாட்களிலேதான் கிடைக்கவேண்டும். இதைக் குறித்து நம் குடும்பங்களோடு சிறிது சிந்திக்க விழைகிறோம்.

நாசரேத்து வீட்டின் பாடம்

இயேசு பெருமான் தம் பொதுப்பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது என லூக்காஸ் நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். அம்முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதி நாசரேத்து என்னும் சிற்றூரில், தச்சரான சூசையப்பரின் இல்லத்தில் கழிந்தது. பன்னிரண்டாம் வயதில் எருசலேம் ஆலயத்தில் நிகழ்ந்ததைத் தவிர, அக்காலத்தைப் பற்றி நற்செய்தி நூல்கள் விரித்துரைக்கவில்லை. எனினும் அவ்வீட்டிலும் அத்தெருவிலும் அவருடைய கண்கள் எவற்றைக் கண்டன என்பதை ஊகித்தறிய ஒரு வழி உண்டு. அவர் கூறிய உவமைகளை ஊன்றிப் படித்தால் போதும்.

ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவைக் கலந்து வைக்கிறாள். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகிறது. விளக்கை ஏற்றி எவரும் மரக்காலின் கீழ் வைப்பதில்லை. நள்ளிரவில் அண்டை வீட்டுக்காரர் கதவைத் தட்டி அப்பம் கேட்கிறார். உள்ளே பிள்ளைகளோடு படுத்துவிட்ட மனிதர் எழுந்திருக்கச் சலித்துக்கொள்கிறார். சந்தைவெளியில் சிறுவர்கள் குழலூதி விளையாடுகிறார்கள். இவையெல்லாம் ஓர் ஏழைக் கிராமத்தில் நாள்தோறும் கண்ணில் படுபவை. இரவில் அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்பதை நம் தாய்மார்கள் ஆயிரம் முறை கண்டிருப்பர். அப்படிப்பட்டதொரு காட்சியில் இறையரசையே கண்டது அந்த நாசரேத்தூர் இளைஞரின் கண்.

லூக்காஸ் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் பெண்ணைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அவளிடம் பத்து வெள்ளிக்காசுகள் இருந்தன. அவற்றில் ஒன்று காணாமற் போயிற்று. அக்காசின் மதிப்பு ஏறத்தாழ ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. அவள் விளக்கை ஏற்றுகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கண்டுபிடிக்கும்வரை கவனமாகத் தேடுகிறாள். கண்டெடுத்தபின் தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துத் தன்னோடு மகிழுமாறு கேட்கிறாள். மனந்திரும்பும் ஒரு பாவியைக் குறித்து வானதூதரிடையே உண்டாகும் மகிழ்ச்சிக்கு ஆண்டவர் தேர்ந்துகொண்ட ஒப்புமைகளுள் ஒன்று, ஓர் ஏழைப் பெண்ணின் இந்தச் சின்னஞ்சிறு மகிழ்ச்சி என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறதன்றோ!

இவ்வுவமையின் பொருள் நம் மனமாற்றத்தைப் பற்றியதே. எனினும் அப்பெண்ணின் வீட்டிலிருந்து நாம் கற்கத்தக்கவை வேறு இரண்டும் உண்டு. அவள் தேடிய காசு வீட்டிற்குள்ளேயே கிடந்தது. அதனைக் காண அவளுக்குத் தேவைப்பட்டவை ஒரு விளக்கும் ஒரு விளக்குமாறும் விடாத கவனமும் மட்டுமே. அடுத்தது, கண்டெடுத்த மகிழ்ச்சியை அவள் தனக்கென்று முடிந்துகொள்ளவில்லை. கவனித்துக் காண்பதும், கண்டதைப் பிறரோடு பகிர்வதும் ஆகிய இவ்விரண்டும் சேருமிடத்தில் சிறுமகிழ்ச்சிகள் பிறக்கின்றன.

இன்பம் வேறு, மகிழ்ச்சி வேறு

1975-ஆம் ஆண்டு யூபிலி ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு மே 9-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றித் தனியாகவே ஓர் ஊக்கவுரை மடல் வெளியிட்டார். தொழில்நுட்பம் வளர்ந்த சமுதாயம் இன்பங்களுக்கான வாய்ப்புகளைப் பெருக்கியுள்ளது. மகிழ்ச்சியை உருவாக்கவோ அது மிகவும் இடர்ப்படுகிறது என்பது அவர் அதில் சுட்டிக்காட்டிய உண்மை. அதே மடலில், உயிரோடிருப்பதன் மகிழ்வு, தூய அன்பின் மகிழ்வு, இயற்கையும் அமைதியும் தரும் மகிழ்வு, நன்கு செய்து முடித்த வேலையின் மகிழ்வு, கடமையை நிறைவேற்றிய மனநிறைவு என எளிய மனித மகிழ்ச்சிகளை அவர் வரிசைப்படுத்துகிறார். இவற்றைச் சுவைக்கக் கற்றவர்களுக்கே விண்ணக மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சும் விளங்கும் என்ற கருத்து அம்மடலில் இழையோடுகிறது.

அரை நூற்றாண்டுக்குப் பின் இன்று நம் இல்லங்களைப் பார்ப்போம். கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதனால் விளையும் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தைக் குழந்தை நாள்தோறும் காண்பது அதன் வழியாகத்தான். ஆயினும் நால்வர் ஓரிடத்தில் அமர்ந்து உண்ணும்போது நால்வர் கண்களும் நான்கு திரைகளில் பதிந்திருந்தால், பரிமாறியவரின் முகத்தைப் பார்ப்பவர் யார்? அன்று பள்ளியில் நிகழ்ந்ததைச் சொல்லத் துடிக்கும் சிறுவன் இருமுறை "அம்மா, அம்மா" என்று அழைத்துவிட்டு எழுந்து போகிறான். அந்த வீட்டில் ஒரு காசு தொலைந்துவிட்டது. தொலைந்தது என்றே எவருக்கும் தெரியவில்லை.

ஒரு மடத்துச் சமையற்கூடம்

இல்லச் சந்திப்பின்போது ஓர் அம்மா நம்மிடம் கேட்டது நினைவில் நிற்கிறது. "சாமி, முப்பது வருசமா இதே அடுப்பு, இதே பானை. பூசைக்கு வந்து முழங்காலில் நின்னாலும் குழம்பு நினைப்புத்தான் வருது. என் செபம் எல்லாம் ஒரு செபமா?" என்றார். அவர் மட்டும் கேட்கும் கேள்வியன்று இது. வாய்விட்டுக் கேட்காத எத்தனையோ பேருடைய உள்ளத்திலும் இருப்பது. வழிபாடு ஒருபுறம், வாழ்க்கை மறுபுறம் என்று பிரித்துவிட்டதால் உண்டான வேதனை இது.

இதற்கு விடையாகப் பிரான்சு நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு சமையற்காரரின் வரலாற்றைக் கூறலாம். லொரேன் பகுதியில் பிறந்த நிக்கோலா ஹெர்மான் என்பவர் இளமையில் போர்வீரராக இருந்தார். முப்பதாண்டுப் போரில் காயமுற்றார். அதன் விளைவாக வாழ்நாள் முழுவதும் கால் ஊனத்தால் துன்புற்றார். பதினெட்டாம் வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, சில வாரங்களில் இது மீண்டும் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணியபோது இறைவனின் பராமரிப்பு அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1640-ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் உதவிச் சகோதரராகச் சேர்ந்து, உயிர்ப்பின் சகோதரர் லாரன்ஸ் என்னும் பெயர் பெற்றார்.

மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்பணி. இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை அது. ஆயினும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அதனைச் செய்தார். வேலையைத் தொடங்குமுன் ஆண்டவரின் உதவியை வேண்டுவார். செய்யும்போது அவரோடு உரையாடுவார். முடிந்தபின் நன்றி கூறுவார். வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் ஒரு வைக்கோல் துரும்பை எடுப்பதையும் இறையன்புக்காகவே செய்யலாம் என்பது அவருடைய அனுபவம். ஆலயத்தில் முழங்காலில் இருக்கும் நேரத்துக்கும் சமையற்கூடத்தின் ஆரவாரத்துக்கும் இடையே தமக்கு வேறுபாடு தோன்றவில்லை என்று அவர் கூறினார். கால்வலி மிகுந்தபின் செருப்புத் தைக்கும் வேலை தரப்பட்டது. அதையும் அவ்வாறே செய்தார். 1691-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அவர் இறந்தார். புனிதர் பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. எனினும் அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய சிறுநூல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல மொழிகளில் படிக்கப்பட்டு வருகிறது.

நம்மிடம் வினவிய அந்த அம்மாவுக்கு நாம் கூறியதும் இதுவே. பூசையின்போது குழம்பு நினைவு வந்தால், அந்தக் குழம்பையே ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உயிர்த்த ஆண்டவரும் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் வலைவீசிக் களைத்துவந்த சீடரைக் காலை உணவுக்கு அழைத்தவர்தாமே என்று அருளப்பர் நற்செய்தியை நினைவூட்டினோம். சாவை வென்றவருக்கு அடுப்பு அந்நியமானதன்று.

அலன்சோன் நகரின் லேஸ் வீடு

துறவியருக்கு இது இயலும். பிள்ளைகுட்டிகளோடு அல்லற்படும் எங்களுக்கு இயலுமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்காக ஒரு குடும்பத்தைக் காட்டுகிறோம்.

பிரான்சிலுள்ள அலன்சோன் நகரில் லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்துவந்தார். செலி என்பவர் லேஸ் பின்னல் தொழில் நடத்திவந்தார். 1858-ஆம் ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டனர். குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு லேஸ் பின்னலின் பாடு இன்னதென்று நாம் விளக்கவேண்டியதில்லை. அலன்சோன் லேஸ் ஊசியால் தைக்கப்படுவது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் உருவாக ஏழு மணி நேரம் வேண்டும். அக்கைத்திறனை 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. வெவ்வேறு பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னிய சிறுசிறு துண்டுகளை, இணைத்த இடமே தெரியாதவாறு ஒன்றுசேர்ப்பது செலி தமக்கென்று வைத்துக்கொண்ட வேலை. பிற்காலத்தில் லூயி தம் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார்.

அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். செலி எழுதிய கடிதங்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. பெரிய இறையியல் ஆய்வுகள் எவையும் அவற்றில் இல்லை. பிள்ளையின் காய்ச்சல், புது ஆடை, வியாபாரத்தின் நெருக்கடி, தம் களைப்பு ஆகியவற்றையே எழுதுகிறார். கடைக்குட்டி தெரேசாள் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை அம்மாவை அழைப்பாள். அம்மா பதில் குரல் கொடுத்தாலன்றி அடுத்த படி ஏறமாட்டாள் என்று ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். வேலை குவிந்திருந்த வீட்டில், படிக்கொரு முறை பதில் சொல்ல அத்தாய்க்குப் பொறுமை இருந்தது. அதை நினைவில் வைத்து எழுதவும் மனம் இருந்தது. 1877-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், மார்புப் புற்றுநோயால் தம் நாற்பத்தைந்தாம் வயதில் செலி இறந்தபோது, அக்குழந்தைக்கு நான்கு வயது. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கணவன் மனைவி இருவரையும் திருத்தந்தை பிரான்சிஸ் ஒருசேரப் புனிதர்களாக உயர்த்தினார்.

அக்குழந்தைதான் நாம் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் புனித தெரேசாள். லிசியே கார்மேல் மடத்தில் அவர் செய்தவை யாவும் சிறியவையே. மூட்டுநோயால் வருந்திய ஒரு முதிய சகோதரியை நாள்தோறும் மாலையில் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் செல்வது அவற்றுள் ஒன்று. வேகமாக நடந்தாலும் குறை, மெதுவாக நடந்தாலும் குறை என்று அச்சகோதரி கடிந்துகொள்வார். ஒருநாள் அவர் கைகள் அப்பத்தை வெட்ட இயலாமல் தடுமாறுவதைத் தெரேசாள் கவனித்தார். கேளாமலே வெட்டித் தந்து, ஒரு புன்னகையோடு விடைபெற்றார். அப்புன்னகை அம்முதியவரின் உள்ளத்தை வென்றுவிட்டது. ஒரு குளிர்கால மாலையில் அவ்வாறு நடத்திச் செல்கையில் தொலைவிலிருந்து இன்னிசை கேட்டதாம். ஒளிவீசும் மாளிகையின் விருந்துக் கூட்டம் தெரேசாளின் மனக்கண்முன் தோன்றியது. எனினும் உலக விருந்துகள் அனைத்தையும் சேர்த்துத் தந்தாலும் அந்தப் பத்து நிமிடங்களை விட்டுக்கொடுக்கத் தமக்கு மனமில்லை என்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறியாகவேண்டும். சிறியவற்றில் மகிழ்ச்சி காணுங்கள் என்னும் அறிவுரை, அநீதியின்மேல் போடும் போர்வையாகிவிடக் கூடாது. குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபடும் பெண்ணிடம், சின்னச் சின்ன மகிழ்ச்சிகளைத் தேடிக்கொள் என்று கூறுவது நற்செய்தியாகாது. அவளுக்குத் தேவைப்படுவது பாதுகாப்பு. உறவினரும் அன்பியத்தாரும் பங்குக் குருவும் அவள் பக்கம் நிற்கவேண்டும். தேவையெனில் சட்டத்தின் துணையையும் நாடவேண்டும். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளி, தொழிலாளியிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவதும் இவ்வாறே. காசு தொலைந்தபோது அவ்வுவமைப் பெண், ஒன்பது இருக்கிறதே என்று வாளாவிருக்கவில்லை; தொலைந்ததைத் தேடினாள்.

மேலும், எதிலும் மகிழ்ச்சி காண இயலாத நிலை சிலருக்கு நோயாகவே வருகிறது. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாரக்கணக்கில் உள்ளம் இருண்டு கிடப்போரிடம் விசுவாசக் குறைவு என்று பழி சுமத்துவது பெரும் தவறு. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அன்பு. புனித லூயி மார்ட்டினே முதுமையில் மனநலம் குன்றி, 1889 முதல் மூன்று ஆண்டுகள் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர். சிறுமலரும் 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலம் தொடங்கி 1897 செப்டம்பர் 30-இல் இறக்கும்வரை, விண்ணகம் உண்டா என்று சோதிக்கும் கடும் இருளில் வாழ்ந்தார். அந்த இருளிலும் அவர் பிறருக்குச் செய்த சிறு பணிகளை விடவில்லை. மகிழ்ச்சியை உணராத நாட்களிலும் அன்பு செய்ய இயலும் என்பதற்கு அவரே சான்று.

இல்லங்களில் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் எவையும் வேண்டா. இரவு செபமாலைக்குப் பின் குடும்பத்தில் ஒவ்வொருவரும், அன்று கிடைத்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லிக் கூறி நன்றி செலுத்தலாம். பொதுவாக எல்லாவற்றுக்கும் நன்றி என்று முடித்துவிடாமல், இன்று பேருந்தில் ஓர் அண்ணன் எழுந்து இடம் தந்தார் என்று கூறுவது நலம். ஆன்மச் சோதனையின் முதற்படியாக நன்றி கூறுதலையே புனித இஞ்ஞாசியார் வகுத்துள்ளார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவதாக, நாள்தோறும் நமக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைத் தெரிந்துகொண்டு, சிலுவை அடையாளமிட்டுத் தொடங்கி, அது யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவரை நினைத்துச் செய்யலாம். சட்டையைத் தேய்க்கும்போது அதை அணியப்போகும் பிள்ளைக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வதற்கு அதிக நேரம் ஆகாது.

மூன்றாவதாக, உண்ணும் நேரத்திலேனும் கைப்பேசிகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, சமைத்தவரைப் பாராட்டி ஒரு சொல் சொல்லலாம். சில வீடுகளில் உப்புக் குறைந்த நாளில் மட்டுமே சமையலைப் பற்றிய பேச்சு எழுகிறது. இது மாறவேண்டும். ஆண்மக்களும் அவ்வப்போது அடுப்படிக்குச் சென்று உதவினால், பாராட்டு உள்ளத்திலிருந்தே எழும்.

1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டு, பொதுநிலையினரின் உழைப்பையும் இல்லற வாழ்வையும், உடலுக்கும் உள்ளத்துக்கும் அவர்கள் பெறும் ஓய்வையும்கூட இறைவனுக்கு உகந்த ஆவிக்குரிய பலிகளாகக் காண்கிறது. திருப்பலியில் அவை ஆண்டவரின் உடலோடு சேர்த்துத் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கப்படுகின்றன.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் காணிக்கை வேளையில் பீடத்தை உற்று நோக்குங்கள். குரு கிண்ணத்திலுள்ள இரசத்தில் ஒரு துளி நீரைக் கலப்பார். தனித்துப் பார்த்தால் அத்துளிக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. இரசத்தோடு கலந்தபின் அதனைப் பிரிக்க எவராலும் இயலாது. அவ்வேளையில் அவ்வாரத்தில் நீங்கள் வடித்த சோறும், துவைத்த துணியும், ஓட்டிய வண்டியும், வீசிய வலையும், குழந்தையின் அழைப்புக்குக் கொடுத்த பதில் குரலும் அத்துளியோடு கிண்ணத்தில் சேரட்டும். நாசரேத்துத் திருக்குடும்பம் நம் இல்லங்கள் அனைத்தையும் காப்பதாக.